இருபது நிமிடப் பச்சை

அன்றைய பாடம் எட்டு மணி பத்து நிமிடத்துக்குத் தொடங்கி எட்டு பதினொன்றுக்கு முடிந்தது. ஐந்தாம் வகுப்பின் இருபத்துநான்கு பிள்ளைகளும் காதுக்குப் பின்னால் ஒருமுறை சொறிந்துகொண்டார்கள். அவ்வளவுதான் படிப்பு. மாலை நான்கு மணி வரை இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் சந்திரனில் உள்ள தண்மதி நகர்ப் பள்ளியின் கவலை.

காதுக்குப் பின்னால் அரிசி அளவில் பதித்திருப்பது அறிவுமணி. அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது உண்டு. இலக்கணம், முக்கோணவியல், எதுவானாலும் ஒரு நிமிடத்தில் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் ஓயாமல் வேலை செய்தால் மணி சூடேறும், தலைவலி வரும். ஆகவே நாளுக்கு இருபது நிமிடமாவது மூளை சும்மா கிடக்க வேண்டும் என்று மருத்துவர்கள் விதி போட்டிருந்தார்கள். அதை அளக்க ஆளுக்கொரு ஓய்வுக்காப்பு கையில். மூளை ஓடினால் சிவப்பு, சும்மா கிடந்தால் பச்சை. ஐந்தாம் வகுப்பில் மூன்று மாதமாக ஒரு காப்புகூடப் பச்சையாகவில்லை. பாதிப் பிள்ளைகள் தலையைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள்.

அதனால்தான் பூமியிலிருந்து ஓராண்டுச் சேவைக்கு ஆள் கேட்டார்கள். வந்து இறங்கியவள் செல்வக்கனி. வயது இருபத்திரண்டு, சாத்தான்குளம் பக்கம், அறிவுமணி கிடையாது. விண்ணப்பத்தில் 'தனித்திறமை' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் உண்மையையே எழுதியிருந்தாள்: 'ஒன்றும் இல்லை. சும்மா இருப்பேன்.' நாலாயிரம் விண்ணப்பங்களில் அதைத்தான் பொறுக்கி எடுத்தார்கள்.

தலைமையாசிரியை ரஹ்மத் நிஷா அவள் கையிலும் ஒரு காப்பை மாட்டிவிட்டு, பள்ளி விதிகளை விளக்க ஆரம்பித்தார். மூன்றாவது விதிக்கு வருவதற்குள் காப்பு பச்சையாகிவிட்டது. செல்வக்கனிக்கு மானம் போயிற்று.

"ஸாரி மேடம். கவனிச்சுட்டுத்தான் இருந்தேன்."

"ஐயோ, ஸாரி எதுக்கும்மா? இதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டோம்!" ரஹ்மத் நிஷாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "ஒரே ஒரு விஷயம். முதல் ரெண்டு வாரம் சோதனைக் காலம். அதுக்குள்ள ஒரு பிள்ளைக்காவது இருபது நிமிஷம் பச்சை வரணும். வரலேன்னா அடுத்த கப்பல்ல உங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு."

செல்வக்கனிக்கு ஊர் நினைவு வந்தது. தெருவே திரண்டு மாலை போட்டு அனுப்பிவைத்திருந்தது. 'தண்டச்சோறு' என்று வாய் ஓயாமல் திட்டிய சித்தப்பாகூட அவளோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். இரண்டே வாரத்தில் பெட்டியோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது? அதோடு, பிறந்ததிலிருந்து இப்போதுதான் அவள் ஓரிடத்தில் தேவைப்பட்டிருக்கிறாள். அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

முதல் நாள் பிள்ளைகளைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னாள். சுவரின் பரப்பளவை இருபத்துநான்கு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். கண்ணை மூடச் சொன்னாள். மூடிக்கொண்டு பகா எண்களை எண்ணினார்கள். எதையும் நினைக்காதீர்கள் என்றாள். வகுப்பின் முதல் மாணவி இதழினி உடனே கையைத் தூக்கினாள்.

"மிஸ், எதையும் நினைக்காம இருக்க நானூத்துப் பன்னிரண்டு வழி இருக்கு. எல்லாத்தையும் இறக்கிட்டேன். வரிசையா சொல்லட்டுமா?"

பதின்மூன்றாம் நாள் மாலை செல்வக்கனி வாசலில் சோர்ந்துபோய் நின்றாள். பிள்ளைகள் வெளியே வந்ததும் பள்ளி வண்டியும் வந்து நின்றது. தண்மதி நகரில் தொண்ணூறு விநாடிக்கு ஒரு வண்டி. ஒரு பிள்ளையும் காத்திருக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சும்மா இருக்கும் வித்தையை அவள் எங்கே கற்றாள்? கல்லூரிக்குப் போன மூன்று வருடமும், வந்தால் வரும் என்ற மினி பஸ்ஸுக்காக ஸ்டாப்பில் நின்று கற்றாள். தலைமையாசிரியை அறைக்கு ஓடினாள்.

"மேடம், நாளைக்கு வண்டியை லேட்டா விடச் சொல்ல முடியுமா?"

"எவ்வளவு லேட்டா?"

"அது பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. எனக்கும் தெரியக் கூடாது."

"எனக்கு?"

"உங்களுக்கும்தான், மேடம்."

வண்டி ஓட்டும் ரோபோவிடம் 'உன் இஷ்டத்துக்கு வா' என்றார்கள். அது மூன்று முறை விளக்கம் கேட்டது.

மறுநாள் வண்டி வரவில்லை. பிள்ளைகள் அறிவுமணியைக் கேட்டார்கள். 'தகவல் இல்லை' என்றது. இருவர் அழுதார்கள். நால்வர் நிகழ்தகவுக் கணக்குப் போட்டு, விடை ஒத்துவராமல் சண்டை போட்டார்கள்.

"எப்ப வரும் மிஸ்?"

"வரும்."

"வரும்னா?"

"வரும்போது வரும்."

பத்து நிமிடம் போயிற்று. கணக்குப் போட இனி எதுவும் மிச்சமில்லை. இதழினி பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டினாள். சட்டைக் காலரைக் கடித்தாள். எங்கேயோ பார்த்தாள். அவள் காப்பு பச்சையானது. அடுத்து பக்கத்துப் பையனுக்கு. பிறகு வரிசையாக எல்லாருக்கும். செல்வக்கனி மூச்சைக்கூட மெல்ல விட்டாள். நாற்பதாவது நிமிடம் வண்டி வந்து நின்றபோது ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அன்றைக்கு ஒரு பிள்ளைக்கும் தலைவலி இல்லை. செல்வக்கனிக்கு ஓராண்டும் உறுதியானது.

மறுநாள் காலை பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டம். அடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். இதழினியின் அப்பா தணிகைவேல் முன்னால் வந்தார்.

"எங்க பொண்ணு முதல்ல ஆரம்பிச்சும் இருபத்தேழு நிமிஷம்தான் சும்மா இருந்தாளாம். எதிர் வீட்டுப் பையன் இருபத்தொம்பது! கொஞ்சம் தனியா கவனிக்கக் கூடாதா, மிஸ்?"

ஒரு மாதத்தில் நகரின் நடுச் சந்திப்பில் ஒரு பயிற்சி மையத்தின் விளம்பரப் பலகை எழுந்தது. எங்கேயோ பார்க்கும் பிள்ளைகளின் படங்கள் வரிசையாக, கீழே 'சும்மா இருப்பதில் நகர அளவில் முதலிடம்! தினமும் ஆறு மணி நேரத் தீவிரப் பயிற்சி'. தலைமைப் பயிற்சியாளர் என்று செல்வக்கனியின் படமும் இருந்தது. மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஊரில் சித்தப்பா அந்தப் படத்தைப் பெரிதாக்கி வீட்டில் மாட்டியிருந்தார். வண்டிக்குக் காத்திருப்பதால் பயிற்சி நேரம் வீணாகிறது என்று பெற்றோர் மனுக் கொடுக்க, பள்ளி வண்டி மறுபடி தொண்ணூறு விநாடிக்கு ஒன்று ஓடத் தொடங்கியது.

அன்று மாலை வாசலில் இதழினி நெற்றியைப் பிடித்தபடி நின்றாள்.

"என்னம்மா, தலைவலியா?"

"வீட்டுப்பாடம் முடிக்கல, மிஸ். இருபது நிமிஷம் சும்மா இருந்து அப்பாகிட்ட கையெழுத்து வாங்கணும். எங்க நேரம்? ஆறு மணிக்கு வேற சும்மா இருக்கிற டெஸ்ட்." பிறகு அவள் செல்வக்கனியின் கையையே பார்த்தாள். "மிஸ், உங்க காப்பும் சிவப்பா இருக்கே?"

செல்வக்கனி விடியற்காலை வகுப்புக்கான கேள்வித்தாளை மனதுக்குள் தயாரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அதையெல்லாம் பார்க்க இப்ப எங்க நேரம்? ஓடு ஓடு, வண்டி வந்துட்டு!"