மிதி, பிடி, விடு

"மிதி" என்ற குரல் கேட்டுத்தான் அவள் கண்விழித்தாள். அதன் பின்னால் வர வேண்டிய "டிரைவரம்மா" வரவில்லை.

மத்தியானத்திலிருந்து அவள் கணவன் அந்தப் பட்டப்பெயர் இல்லாமல் ஒரு தடவைகூட அவளை மிதிக்கச் சொன்னதில்லை. "மெதுவா மிதிங்க டிரைவரம்மா, அது பிரேக்கு, உங்க புருஷன் தலை இல்ல" என்று காருக்கு அடியிலிருந்து எதையாவது சொல்லிச் சீண்டிக்கொண்டே இருந்தான். களைத்துப்போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அவளும்தான் கண்ணயர்ந்துவிட்டாள். எட்டாம் மாதம், உட்கார்ந்த இடத்தில் தூக்கம் வருகிறது. முகத்தைத் துடைத்துக்கொண்டு பிரேக்கை மிதித்தாள்.

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

கீழே திருகு இளகும் சத்தம். அவள் பாதத்துக்கு அடியில் பெடல் மெதுவாக அமிழ்ந்தது.

"விடு."

விட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை அது. அவள் தூங்கிய நேரத்தில் வெளியே மழை பிடித்திருந்தது. கூரையில் விழும் ஓசை வேறெந்தச் சத்தத்தையும் பாதியாக அரைத்துத்தான் உள்ளே விட்டது. சாயங்காலம்தான், ஆனாலும் கதவிடுக்கில் வந்த வெளிச்சம் பழைய துணியை அலசிய தண்ணீர்போல மங்கிக் கிடந்தது. புதுப் பெயின்டின் நெடியும், பிரேக் ஆயிலின் கசந்த வாடையும், அவற்றுக்கு அடியில் ஈர மண் வாசமும் காருக்குள் அடைந்திருந்தன. கார் நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் சக்கரங்கள் இல்லாமல் நின்றது. அவள் அசையும்போதெல்லாம் அதுவும் லேசாக அசைந்தது.

உருண்டை விளக்கும் உள்ளங்கை அகல ஜன்னலுமாகப் பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த கார் அது. அவன் அதன் நோஞ்சான் இஞ்சினைக் கழற்றிப்போட்டுவிட்டு, அதைப்போல் இரண்டு மடங்கு பெரிய இஞ்சினைத் திணித்திருந்தான். இடம் போதாமல் இஞ்சினுக்கும் உட்காருகிற இடத்துக்கும் நடுவிலிருந்த தகரத்தை வெட்டி, உள்பக்கமாகத் தட்டி வளைத்தும் இருந்தான்.

"சுண்டெலிக்கு யானை நெஞ்ச வச்சுத் தச்சிருக்கீங்க" என்று அதைப் பார்த்த அன்றைக்கே அவள் சிரித்திருந்தாள்.

"நம்ம பிள்ளை ஆஸ்பத்திரிலேர்ந்து இதுலதான் வீட்டுக்கு வரும், பாரு."

"ஓடுறது இருக்கட்டும். முதல்ல இது நிக்குமா?"

அதற்குத்தான் இந்தப் பிரேக் வேலை. குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே மிதித்துப் பிடிக்க, ஒருவர் கீழே திருகைத் திறந்து மூட வேண்டும். மிதி, பிடி, விடு.

"மிதி."

மிதித்தாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவள் தூங்குவதற்கு முன் அவன் பின் சக்கரத்தருகில் இருந்தான். இப்போது குரல் முன்னால், அவள் காலடியில் இருந்தது. அவன் படுத்து உருண்டு போகும் சக்கரப் பலகை கிறீச்சிடாமல் நகராதே. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பலகை சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

"ஏங்க, வெறுந்தரையிலயா படுத்திருக்கீங்க?"

"பிடி."

"பிடிச்சிருக்கேன். சளி பிடிச்சா நான் பாக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"விடு."

அவனைச் சிரிக்க வைத்துவிட்டால் போதும் என்று தோன்றியது. ஏன் அவ்வளவு அவசரமாகத் தோன்றியது என்று தெரியவில்லை. "அத்தை சொன்னது சரிதான். என்னைக் கட்டினதுக்கு பதிலா நீங்க இந்தக் காரையே கட்டியிருக்கலாம்."

மழைச் சத்தம் மட்டும். பிறகு, சிரிப்பு. அவன் சிரிப்பேதான், முடிவில் ஒரு சின்ன இருமலோடு. ஆனால் அது தரையிலிருந்து வரவில்லை. அவள் முழங்காலுக்கு நேரே, தட்டி வளைத்த தகரத்துக்கு அந்தப் பக்கம், இஞ்சினுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஒரு ஸ்பேனரை நுழைப்பதற்குள் போன வாரம் அவன் விரல் முட்டியெல்லாம் தோலுரிந்த இடம். ஒரு கைகூட முழுதாக நுழையாத இடம்.

வயிற்றில் குழந்தை புரண்டது. அவள் தன்னையறியாமல் அங்கே கையை வைத்தாள்.

போன் அடித்தது.

"முழிச்சிட்டியா? என்னா குறட்டை! எழுப்ப மனசே வரல." அவள் கணவன். பின்னணியில் சாலை இரைச்சல். "பிரேக் ஆயில் தீந்துபோச்சு, அதான் கடைக்கு வந்தேன். மழை பிடிச்சுக்கிச்சு. நீயா எறங்காத, வண்டி ஸ்டாண்டு மேல நிக்குது. நான் வந்து கைத்தாங்கலா எறக்கி விடறேன்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"போன்ல யாரு?" என்றது கீழே. அதே குரல். கொஞ்சம் கவலையோடு.

"யாரு அங்க பேசறது?" என்றது போன்.

"ஏங்க…" என்றாள். யாரைக் கூப்பிட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"காலை எடுத்துடாத" என்றது கீழே. "நான் அடியில இருக்கேன். நீ எறங்கினா வண்டி சரிஞ்சு என் மேல விழும்."

"எறங்கிடு!" போன் கத்தியது. "எறங்கி வீட்டுக்குள்ள போ, நான் இதோ—" மழை குரலைத் தின்றது. இணைப்பு போய்விட்டது.

அவள் இறங்கவில்லை. தூங்கி விழித்ததிலிருந்து இருவரில் ஒருவரையும் அவள் கண்ணால் பார்க்கவில்லை. போனில் வந்ததும் குரல்தான். கீழே இருப்பதும் குரல்தான். கீழே இருப்பவன் அவனாக இருந்தால், அவள் இறங்கிய மறுநொடி தன் பிள்ளையின் தகப்பனைத் தானே நசுக்கியிருப்பாள்.

"மிதி."

மிதித்தாள்.

"பிடி."

பிடித்தாள். "விடு" வரவில்லை.

ஸ்கூட்டர் சத்தம். கொட்டகைக் கதவு முழுதாகத் திறந்தது. அவன். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கையில் ஆயில் டப்பாவோடு, அவள் கணவன். பார்த்ததும் அடக்கியிருந்த அழுகை உடைந்தது.

"எங்க அவன்?" என்றான்.

"குனியாதீங்க. வேணாங்க, கீழ பாக்காதீங்க. முதல்ல என்னைத் தூக்குங்க."

அவன் அதற்குள் முழங்காலிட்டுவிட்டான். போன் விளக்கை அடித்துக் காருக்கடியில் பார்த்தான். "யாரும் இல்லம்மா. சும்மா பயந்து…" என்றவன் நிறுத்தினான்.

பிறகு வேறு குரலில், வெகுநாள் தெரிந்த யாரையோ பார்த்த குரலில், "நீயா?" என்றான்.

ஜன்னல் வழியாக அவன் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவை உள்ளே போயின. சரசரவென்று, பலகை இல்லாமலேயே. விளக்கு அணைந்தது. டப்பா கவிழ்ந்து, ஆயில் களக் களக்கென்று கொட்டும் சத்தம்.

"ஏங்க!"



பெடல் அவள் பாதத்தை மேலே தள்ளியது. மறுபக்கத்தில் இன்னொரு கால் மிதிப்பதுபோல. நிதானமாக.

கார் முனகியது. ஒரு ஸ்டாண்டு தரையில் தேய்ந்தது. வண்டி ஒரு விரற்கடை சரிந்தது.

அவள் வலப்பக்கக் கதவைத் தள்ளித் திறந்தாள். காருக்கடியிலிருந்து ஓர் இடது கை நீண்டது. மணிக்கட்டு வரை கிரீஸ். பெருவிரலில் கறுப்பு டேப். மத்தியானம் தகரம் கிழித்த காயத்துக்கு அவள்தான் சுற்றினாள். அவள்தான் பல்லால் கடித்து அறுத்தாள். அந்தக் கோணல் முனை.

"கையைக் குடும்மா. சீக்கிரம். வண்டி சரியுது."

வயிறு இடிக்க, ஸ்டீயரிங்கைப் பற்றிக்கொண்டு அவள் குனிந்தாள். விரல் நுனிகள் ஏறக்குறைய தொட்டுவிட்டன.

"கையைக் குடும்மா."

முதுகுக்குப் பின்னால். இடப்பக்கத்திலிருந்து.

திரும்பினாள். அந்தப் பக்கக் கதவு தானாகத் திறந்திருந்தது. கதவடி விளிம்பைத் தாண்டி ஒரு கை உள்ளே நீண்டிருந்தது. மணிக்கட்டு வரை கிரீஸ். பெருவிரலில் கறுப்பு டேப். அதே கோணல் முனை.

அதுவும் இடது கை.

கார் இன்னொரு விரற்கடை சரிந்தது. இரண்டு கைகளும், ஒரே நேரத்தில், விரல்களை மடக்கி மடக்கி அவளைக் கூப்பிட்டன.