மூன்றாவது மிதியில் பிடித்த பிரேக்

விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுவது சர்வேயரின் தொழில். அவருக்குப் படம் எடுத்துக் கொடுப்பவரை எல்லோரும் 'அவசரம்' என்றே கூப்பிட்டார்கள். கேமராவை வெளியே எடுப்பதற்குள் குற்றவாளி யார் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிற ஆள். தீர்ப்பு பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். அதற்காக அவர் மனம் தளர்ந்ததே கிடையாது.

அன்று காலை அலுவலகத்துக்கு வந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நஷ்டஈடு கேட்டு வரல சார். தப்பு என்னோடதுன்னா ஒத்துக்கிறேன். ஆனா என்ன தப்பு பண்ணேன்னு தெரியணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு வாசலிலேயே காரின் முன்சக்கர பிரேக் பேடுகளை அவரே மாற்றியிருக்கிறார். அதுதான் முதல் தடவை. மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தெருவைச் சுற்றி வந்தார். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. மாலையில் காரைப் பூட்டிவிட்டு, குழந்தையோடு நடந்தே ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போய்வந்தார்கள். மறுநாள் காலை மனைவி காரை எடுத்தார். தெருவின் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால், பெடல் அடிவரை போய்விட்டது. மறுபடி மிதித்தார், பாதி பிடித்தது. மூன்றாவது மிதியில் முழுசாகப் பிடித்தது. அதற்குள் எதிர்ச்சுவர் வந்துவிட்டது. வலது கை எலும்பு முறிந்து இப்போது கட்டுப் போட்டிருக்கிறது.

"மெக்கானிக் பார்த்துட்டு பிரேக் நல்லாத்தானே இருக்குங்கிறாரு. மச்சான் பஸ் டிப்போல ஃபிட்டர். 'தெரியாத வேலையில கைய வச்சு என் தங்கச்சியக் கொல்லப் பார்த்தீங்களே'ன்னு கத்திட்டு அவளையும் பாப்பாவையும் கூட்டிட்டுப் போயிட்டாரு."

"உங்க மனைவி என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல சார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கல."

அவர் வாசலுக்குப் போனதும் அவசரம் சர்வேயரின் காதில் கிசுகிசுத்தார். "பொண்டாட்டி மேல ஏதோ கோபம் சார். இவரேதான் பண்ணியிருக்காரு."

"பண்ணவரு எதுக்கு நம்மைத் தேடி வரணும்?" என்றார் சர்வேயர்.

மூக்கு நசுங்கிய கார் வீட்டு வாசலில் நின்றிருந்தது. சர்வேயர் உள்ளே ஏறி பிரேக்கை மிதித்தார். பெடல் நடுவிலேயே உறுதியாக நின்றது. இறங்கி, சக்கரங்களைக் கழற்றச் சொன்னார். வலது சக்கரத்தின் நட்டுகள் கடைக்காரரின் ஸ்பேனருக்குச் சொன்ன பேச்சைக் கேட்டன. இடது சக்கரத்தில் ஒன்றுகூட அசையவில்லை. அவசரமும் சேர்ந்து தொங்கிப் பார்த்தார், முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"இதையும் நீங்கதான் முறுக்கினீங்களா?"

"ஆமா சார், இதே ஸ்பேனரால."

பக்கத்து வீட்டில் ஒரு நீண்ட இரும்புக் குழாயை வாங்கிவந்து, ஸ்பேனரின் பிடியில் செருகி அமுக்கிய பிறகுதான் நட்டுகள் கழன்றன. உள்ளே பிரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் மேல் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. கடையில் கண்ணாடி திருகுகளுக்கு அடையாளம் வைக்கும் பழக்கத்தில், மனைவியின் நகப்பூச்சால் போட்ட கோடு என்றார் கடைக்காரர். போல்ட் அசைந்தால் கோடு விலகிவிடும். வலதுபக்கம் கோடு நேராக இருந்தது. இடதுபக்கம் துண்டாக விலகியிருந்தது. மற்றபடி பேடு, எண்ணெய்க் குழாய் எல்லாம் ஒழுங்காக இருந்தன.

"யாரோ எதிரி வந்து கழட்டியிருக்கான் சார்!" அவசரம் துள்ளினார்.

"எதிரின்னா குழாயை அறுத்திருப்பான். திருடன்னா புதுப் பேடை எடுத்துட்டுப் போயிருப்பான். இந்த ஆளு எல்லாத்தையும் சரியா மாட்டி, தேவைக்கு மேலயே முறுக்கிட்டுப் போயிருக்காரு. நல்லது நினைச்சு வந்தவருதான்" என்றார் சர்வேயர். அவசரத்துக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

சாயங்காலம் மைத்துனர் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி மனைவி ஜன்னல் பக்கம் பார்த்திருந்தார். சர்வேயர் யாரையும் குற்றம் சாட்டவில்லை. ஃபிட்டரிடம் சாதாரணமாகக் கேட்டார்.

"டிப்போல பிரேக்கைப் பிரிச்சு மூடின பிறகு என்ன பண்ணுவீங்க?"

"மூடினா வேலை முடிஞ்சுது சார். எஞ்சினைப் போட்டா காத்து ஏறும், பிரேக் தானா பிடிச்சுக்கும். இருபது வருஷமா பண்றேன்."

"காத்துல பிடிக்கிற பஸ்ஸுக்கு அது சரி. இந்தக் காருக்கு எண்ணெய் பிரேக். பேடைப் பிரிச்சுப் பார்க்க, அதைத் தள்ளுற பிஸ்டனை உள்ள அமுக்கணும். மாட்டின பிறகு, உள்ள ஏறி பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சாத்தான் அது பழைய இடத்துக்கு வரும். மிதிக்கலைன்னா, முதல்ல மிதிக்கிறது எல்லாம் பிஸ்டனை நகர்த்தவே போயிடும். அப்புறம் ஒழுங்கா பிடிக்கும். மெக்கானிக்குக் கோளாறு தெரியாதது அதனாலதான். உங்க மாப்பிள்ளை மிதிச்சாரு, பிடிச்சுது. அவருக்குப் பிறகு கழட்டினவர் மிதிக்கல. கார் பூட்டியிருந்தது, அவர்கிட்ட சாவி இல்ல. மிதிக்கணும்னு அவருக்குத் தோணவும் இல்ல, கைப்பழக்கம் அப்படி. பஸ் நட்டை முறுக்கின கை, கார் நட்டையும் அப்படியே முறுக்கிடுச்சு."

ஃபிட்டர் தங்கையின் கையைப் பார்த்தார். பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"மாப்பிள்ளையே பிரேக் மாத்தினாருன்னு நீ போன்ல சொன்னதும், புதுசா பண்ற ஆளை நம்பி நீ ஏறப்போறியேன்னு மனசு கேக்கல. நீங்க இல்லாதப்போ வந்து ஒரு பக்கத்தைப் பிரிச்சுப் பார்த்தேன். ரொம்ப நல்லா பண்ணியிருந்தாரு. குறை சொல்ல ஒண்ணுமே இல்ல. அதான் சத்தமில்லாம போயிட்டேன். உனக்கு அடிபட்டுச்சுன்னதும், என் கையால ஆயிருக்குமோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அதை நினைக்கப் பிடிக்கல. மாப்பிள்ளை மேல கத்திட்டேன்."

கடைக்காரர் அழுதேவிட்டார். மைத்துனரை ஜெயித்த சந்தோஷம் அதில் துளியும் இல்லை. இத்தனை நாளாகத் தன் கையாலேயே குடும்பத்தைக் கெடுத்துக்கொண்டோம் என்று நம்பியிருந்த மனுஷன் அவர்.

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"நல்லா பண்ணியிருக்காருன்னு அன்னைக்கே ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாமேண்ணா. யாரோ கழட்டியிருக்காங்கன்னு தெரிஞ்சா, இவரு நாலு தடவை மிதிச்சுப் பார்க்காம எனக்குச் சாவியே குடுத்திருக்க மாட்டாரு."

மனைவி எழுந்து, "பாப்பா பையை எடுத்துக்கோங்க, நம்ம வீட்டுக்குப் போகலாம்" என்று கணவரிடம் சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"உனக்கு எப்ப வரணும்னு தோணுதோ வாண்ணா. பெல்லை அடிச்சுட்டு வா."