இரண்டாவது முள்கிளை

"எங்க அப்பா ஒரு தடவைதான் செத்தாரு, பாபா. வீட்டுல முள்கிளை ரெண்டு இருக்கு."

எஷோவே ஊர்க் கடைத்தெருவில், முடி பின்னும் கடைக்கு மேல்மாடியில் இருந்த துப்பறிவாளர் குமெடேயின் அறைக்கு வந்து, நொம்புசோ சொன்ன முதல் வார்த்தைகள் இவை. குமெடே பேனாவைக் கீழே வைத்தார். இருபது வருடம் நர்ஸாக இருந்துவிட்டு அவரிடம் உதவியாளராகச் சேர்ந்த லெங்கிவே, பொரித்த மாவுருண்டையைக் கடித்தவள் மெல்ல மறந்தாள்.

முள்கிளை விஷயம் அங்கே குழந்தைக்கும் தெரியும். வெளியிடத்தில் இறந்தவரின் ஆவியை, உயிர் போன அதே இடத்தில் கிளையைக் காட்டிக் கூப்பிட வேண்டும். வழியில் யாரோடும் பேசாமல் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வண்டியில் வந்தால் ஆவிக்கும் ஒரு சீட்டு எடுக்க வேண்டும்.

"பெரியப்பா நெடுஞ்சாலையிலேர்ந்து நடந்தே ஒரு கிளை கொண்டுவந்து அப்பா குடிசையில வெச்சாரு. நேத்து கூட்டறப்போ பாக்கறேன், பாய்க்கு அடியில இன்னொண்ணு. நான் தொடல."

"அப்பா எப்படிப் போனார்?"

"மூணு வாரம் முன்னாடி, விடியக்காலைல. நான் தாழ் போடாம தூங்கிட்டேன். அவரா எழுந்து ரோட்டுக்குப் போய் வண்டியில அடிபட்டார்ங்கறாங்க. ஊரே என் மூஞ்சியில காறித் துப்புது." அவள் குமெடேயை நிமிர்ந்து பார்த்தாள். "நான்தான் கொன்னேனா, பாபா? அது தெரிஞ்சா போதும்."

"அவரால நடக்க முடியுமா?"

"சிறுநீரகம் ரெண்டும் போச்சு. குளிக்கவே நான்தான் தூக்கிட்டுப் போவேன். அடிபடறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான், இன்னும் ரெண்டு வாரம்தான்னு டாக்டர் சொன்னாரு. அன்னிக்கே அத்தை பையன் லுங்கேலோவுக்கு போன் பண்ணி அழுதேன்."

"காலில் செருப்பு?"

"இருந்துச்சு. அந்த வாரம் பூரா மழை, ஆனா செருப்புல சேறே இல்ல."

"காப்பீடு ஏதாவது?"

"லுங்கேலோதான் எடுத்தான், நாலு மாசம் முன்னாடி. பணமும் அவன் பேருக்குத்தான். ரத்தம் எடுத்து சோதிக்கறது ஒண்ணு, சோதனையே இல்லாதது ஒண்ணுன்னு ஏஜெண்ட் சொன்னாரு. அப்பாவுக்கு ஊசின்னா பயம். சோதனை வேண்டாம்னு நான்தான் சொன்னேன். அவனும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினான்."

அவள் போனதும் லெங்கிவே பொரிந்தாள். "சாகக் கிடக்கறவரைப் போய் எவனாவது மெனக்கெட்டுக் கொல்லுவானா?"

"அதுதான் கேள்வியே. நீ மினிபஸ் ஸ்டாண்டுக்குப் போ. முள்கிளையோட தனியா ஏறி, ரெண்டு சீட்டுக்குக் காசு கொடுத்தவன் எவன்னு விசாரி."

லெங்கிவே டீ நேரத்துக்குள் குதித்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது டிரைவருக்கே நினைவிருந்தது. ஏறியவன் லுங்கேலோ. ஏறிய இடம் நெடுஞ்சாலை அல்ல, அதற்கு எதிர்த்திசையில் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, பாழாய்க் கிடக்கும் கரும்பு எடைமேடை. டிரைவர் நலம் விசாரித்ததற்கு அவன் வாயே திறக்கவில்லையாம். மறுநாள் காலை இருவரும் எடைமேடைக்குப் போய்த் தேடினார்கள்.

சனிக்கிழமை மதியம் குடும்பத்தார் நொம்புசோ வீட்டில் கூடினார்கள். குமெடே குரலை உயர்த்தவில்லை.

"சோதனை இல்லாத பாலிசிக்கு ஆறு மாசம் காத்திருக்கணும். அதுக்குள்ள நோயில செத்தா ஒரு ராண்ட் காசுகூடத் தேறாது. விபத்துன்னா முதல் நாள்லயே முழுப் பணம். ரெண்டு வாரம்னு டாக்டர் சொன்னதும் லுங்கேலோவுக்குத் தூக்கி வாரிப் போட்டிருக்கும். நோய் முந்திக்கிட்டா எல்லாம் போச்சு. அதனால நோய்க்கு முன்னாடி இவன் முந்திக்கிட்டான்."

லுங்கேலோ எழுந்தான். "வாய்க்கு வந்தபடி பேசாதீங்க, பாபா! மாமா ரோட்டுல அடிபட்டாரு."

"அப்ப எடைமேடையில யாரைக் கூப்பிட்டே? ஆவிக்கு சீட்டு எடுத்தியே, உன் வீட்டுல வேற யார் செத்தது?" குமெடே சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்தார். "எடைமேடைத் தரையில கிடந்துச்சு. மெக்கானிக்கிட்ட நிக்கற உன் கார் விளக்குல இந்த அளவுக்குத்தான் ஓட்டை. அங்க அவரை இடிச்சுக் கொன்னு, நெடுஞ்சாலையில கொண்டுபோய்ப் போட்டே. கார் மெக்கானிக்கிட்ட இருந்ததாலதான் கிளையோட மினிபஸ் ஏறினே."

லுங்கேலோ தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"தினமும் கனவுல வந்து நிக்கறாரு. மழையில நனையறேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடாங்கறாரு. வேற என்ன பண்ணுவேன்? கிளினிக்குக்குப் போலாம்னுதான் சொல்லித் தூக்கினேன். அக்காவை எழுப்பாதே, பாவம் தூங்கட்டும்னாரு." அவன் நொம்புசோவைப் பார்த்துக் கெஞ்சினான். "ரெண்டு வாரத்துல போகப்போறவர்தானேக்கா!"

நொம்புசோ அவனை அடிக்கவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள்.

"அந்த ரெண்டு வாரம் எனக்கு வேணும்டா," என்றாள்.

போலீஸ் அவனைக் கொண்டுபோன பிறகு, பெரியப்பா குடிசைக்குள் போய்த் தான் கொண்டுவந்த கிளையை எடுத்து வெளியே எறிந்தார். அது வெறும் கட்டைதான் என்று அவருக்கு இப்போது தெரியும். பாய்க்கு அடியில் இருந்ததை யாரும் எடுக்கத் துணியவில்லை. நொம்புசோவின் அப்பா ஸோண்டிக் கிழவர் வீடு வந்து சேர்ந்தது அந்தக் கிளையில்தான், கொன்றவன் கையில். நொம்புசோ பாயை விலக்கி, கிளையின் மேல் விளக்குமாறு படாமல் சுற்றிச் சுற்றிக் கூட்டினாள். இனி தினமும் அப்படித்தான் கூட்ட வேண்டும்.