பேரில்லாத வரி

கிணற்றடியில் ஒன்றும் இருக்கக் கூடாது. லூசியாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். கம்ப்யூட்டரில் கிணற்றடி என்று ஒரு பகுதி இருந்ததே ஒழிய, யாரும் அதற்குள் எதையும் வைத்ததில்லை. பட்டியல் கேட்டால் கடைசி வரியாக ‘காலி’ என்று அடித்துவிட்டு மிஷின் நின்றுவிடும். இன்றைக்கு அப்படி நிற்கவில்லை. பெயர் வர வேண்டிய இடத்தில் ஒன்றையும் அடிக்காமல், தடதடவென்று வெறும் வெள்ளைத் தாளைத் தாண்டி ஓடி, ஓரத்தில் அளவை மட்டும் அடித்துவிட்டு நின்றது.

ரிப்பன் காய்ந்துபோயிருக்கும் என்று நினைத்தாள். ஆனால் மேலே இருந்த வரிகளும் ஓரத்து அளவும் பளிச்சென்று இருந்தன. சனிக்கிழமையும் அதுவுமாக இந்தச் சனியனுக்கு என்ன வந்தது என்று வாய்விட்டே திட்டினாள்.

அது எழுபத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி. நெற்குப்பையில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டை நிலத்தடி நீர் ஆராய்ச்சி ஆபீசுக்கென்று வாடகைக்குப் பிடித்து, வளவு என்கிற நடுமுற்றத்தை ஒட்டிய இருட்டறைக்குப் பலகை அடித்து ஏசி போட்டு, பீரோ பீரோவாக வந்து இறங்கிய கம்ப்யூட்டரை அதற்குள் வைத்திருந்தார்கள். சினிமாவில் வருவதுபோல விளக்கெல்லாம் மினுக்காது. டைப்ரைட்டர் மாதிரி ஒன்று முன்னால் இருக்கும். அதில் உத்தரவை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால், அதே தாளில் அது பதில் அடிக்கும். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் பட்டியல் போடும். மதராசிலிருந்து வந்து இதைப் பொருத்திக் கொடுத்த இன்ஜினீயர் குறும்புக்காரர். யாருடைய கணக்கு எங்கே இருக்கிறது என்று குழம்பக் கூடாதென்று, அவரவர் உட்கார்ந்து வேலை பார்க்கும் கட்டின் பெயரையே மிஷினுக்குள்ளும் வைத்துவிட்டார். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி. வீடு முழுசாக இருக்கட்டும் என்று கடைசியில் கிணற்றடியையும் சேர்த்தார். அதனால் லூசியா தினமும் மாலையில் பட்டியல் கேட்பது, கதவு கதவாகத் திறந்து வீட்டைப் பார்த்து வருவது மாதிரிதான் இருக்கும்.

மத்தியானமே எல்லாரும் போய்விட்டார்கள். அவள் மட்டும் போக முடியாது. திங்கட்கிழமை தலைமை ஆபீசிலிருந்து ஆள் வருகிறார், ஒரு வருஷத்துக் கிணற்று நீர்மட்டக் கணக்கு அதற்குள் முடிந்தாக வேண்டும் என்று அதிகாரி மீரான் சாகிபு சொல்லியிருந்தார். முடித்துக் கொடுத்தால் அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும், தாளெல்லாம் தயார், கையெழுத்துதான் பாக்கி. இருட்டுவதற்குள் வளன் சைக்கிளில் வந்து கூட்டிப்போவான். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவர்கள் போடாத சண்டை இல்லை. ஆனாலும் சாயங்காலம் அவனுடைய சைக்கிள் மணி கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

கணக்கு பாதியில் நின்றுபோனதால்தான் அவள் பட்டியலே கேட்டாள். ‘இடம் இல்லை’ என்று அடித்திருந்தது மிஷின். காலையில் தாராளமாக இடம் இருந்தது. யாரோ எதையோ கொண்டுவந்து அடைத்திருக்கிறார்கள் என்று மறுபடியும் பட்டியல் கேட்டாள்.

கிணற்றடி: காலி.

அப்பாடா என்று மூச்சை விட்டாள். அதற்கு மேல் வரி அடுப்படி. அங்கே உட்கார்ந்து மழைக்கணக்கு எழுதும் அற்புதம்மாளின் பெயரில் இருந்தவற்றுக்குக் கீழே, அதே வெள்ளை வரி. பெயரில்லை. அளவு மட்டும் முன்னைவிடப் பெரியது.

அப்போதுதான் வாடை வந்தது. அந்த அறையில் எப்போதும் சூடான ஒயரும் மிஷின் எண்ணெயும் கலந்த ஒரு வாடை இருக்கும். அதற்குக் கீழே, கதவிடுக்கு வழியாக, வெகுநாள் வெயில் படாத பாசியின் வாடை மெல்ல மெல்ல ஏறியது. மழைதான் என்று சமாதானம் செய்துகொண்டாள். பின்னால் கிணறு வேறு திறந்து கிடக்கிறது. எத்தனையோ வருஷமாகக் கற்பலகை போட்டு மூடியிருந்த கிணற்றை, அளவெடுக்க வந்த பையன்கள் இந்த வாரம்தான் திறந்தார்கள். காவற்காரர் ஏகப்பன் நாச்சியாபுரத்துக்குத் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் புறப்படும்போது அதைச் சொல்லித்தான் முணுமுணுத்தார்.

“தொறந்தவங்ய மூடாமப் போயிட்டாங்ய. நீங்க அங்குட்டுப் போகாதீக, தாயி.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கிழவர்களுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு பயம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வெள்ளை வரியை அழித்துவிட்டால் இடம் கிடைக்கும். கணக்கு ஓடும். அழிக்கும் உத்தரவை அடித்தாள். எதை அழிக்க என்று பெயர் கேட்டது மிஷின். பெயர்தான் இல்லையே! மிஷினோடு வந்த புத்தகத்தைப் புரட்டினாள். பெயரில்லாதது எதுவானாலும் முதலில் ஒரு பெயர் வைக்க வேண்டும், பிறகுதான் அழிக்க முடியும் என்று போட்டிருந்தது. சரிதான் என்று அந்த உத்தரவை அடித்தாள். என்ன பெயர் என்று மிஷின் கேட்டது. அவள் யோசிக்கவே இல்லை. விரல்கள் பழக்கத்தில் தாமாகவே ஐந்து எழுத்தை அடித்துவிட்டன.

VALAN.

அவள் வீட்டில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் அவளும் அட்டையைத்தான் நீட்டுவாள். கோவிலில் ஜெபம் சொல்லும்போதுகூட ‘புனித வளனாரே’ என்ற இடம் வந்தால் வாயை மட்டும் அசைப்பாள். பக்கத்தில் முழங்காலிட்டிருக்கும் அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு முழங்கையால் இடிப்பான். ஆனால் இந்த மிஷினில் யார் காதிலும் விழாது. வந்த புதிதில் சோதனைக்கென்று எதையாவது அடிக்கச் சொன்னபோது அவன் பெயரை அடித்தாள். தடதடவென்று அது திரும்பி அடித்துக் காட்டியதும் அவளுக்குக் கன்னம் சுட்டது. அதிலிருந்து எந்தச் சோதனைக்கும் அந்தப் பெயர்தான். வேலை முடிந்ததும் தாளைக் கிழித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொள்வாள். அவளுக்கென்று இருந்த சின்னத் திருட்டு அது.

‘பெயர் வைத்தாயிற்று’ என்றது மிஷின். இனி அழிக்க வேண்டியதுதான். உத்தரவை அடித்தாள்.

‘VALAN. அழிக்கட்டுமா?’

ஆம் என்பதற்கு ஒரு எழுத்து. விரலை வைத்தவள் எடுத்துவிட்டாள். விளக்கேற்றும் நேரத்தில், அந்தப் பெயரைப் பார்த்து, அந்தக் கேள்விக்கு ஆம் என்பதா? சீ! சிலுவை போட்டுக்கொண்டு ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினாள்.

என்ன ஆச்சரியம், கணக்கு தானாக ஓட ஆரம்பித்தது. அதன் பசி அடங்கிவிட்டது போல, அந்த வரி மேற்கொண்டு இடம் கேட்கவில்லை. தாள் மடிந்து மடிந்து கூடையில் விழுந்தது. வேலை நிரந்தரம் என்று அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது. வேறு பெயர் வைத்துவிட்டு அப்புறம் அழித்துக்கொள்ளலாம் என்று அடுப்படியைக் கேட்டாள்.

அடுப்படியில் அது இல்லை.

இரண்டாங்கட்டு: VALAN.

ஏசியின் இரைச்சலுக்கு அடியில், பூக்கல் பதித்த தரையில், ஈரக்கால் ஒன்று படுகிற சத்தம் கேட்டது. சப். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. சப். நடந்து பழகாத காலின் சத்தம். கை தானாக எழுந்து கதவின் தாழ்ப்பாளைப் போட்டது. நாய் ஏதாவது உள்ளே வந்திருக்கும். நாய்தான். நாய்க்கு யார் பெயர் வைத்தது?

அப்போது சைக்கிள் மணி கேட்டது.

அந்த மணியைக் கேட்டு அவள் பயந்தது அன்றைக்குத்தான். ஜன்னலை அடைத்திருந்த பலகைக்கு அப்பால், மழைக்குள், வளன் சைக்கிளை நிறுத்தும் சத்தம். வழக்கமான செருமல்.

“லூசி, முழங்காலு வரைக்கும் சேறு. பின்னாடி போயிக் கழுவிட்டு வாரேன்.”

பக்கத்துச் சந்து வழியாகப் போனால் நேரே கிணற்றடி. அவள் பலகையை இரண்டு கையாலும் அறைந்தாள்.

“ஏங்க, அங்குட்டுப் போகாதீக. ஏங்க!”

ஏசி இரைச்சலும் மழையும் சேர்ந்து அதை விழுங்கின. பேரைச் சொல்லிக் கத்தியிருந்தால் நின்றிருப்பானோ என்னவோ. நாக்கு வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. செருப்புச் சத்தம் சந்துக்குள் தேய்ந்து போனது.

கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாளில் கையை வைத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம், வளவில், சப் என்று ஒரு கால் பட்டது. நின்றது. அவளும் நின்றாள்.

பின்னாலேயே நகர்ந்து மிஷினிடம் வந்தாள். முழுப் பட்டியலையும் கேட்டாள். விரல் இரண்டு தடவை தப்பான எழுத்தில் விழுந்தது. தடதட. தடதட.

முகப்பு: வழக்கமான கணக்குகள்.

வளவு: VALAN.

இரண்டாங்கட்டு: வழக்கமான கணக்குகள். அடுப்படியில் அற்புதம்மாளின் கணக்குகள் மட்டும்.

கிணற்றடி. மிஷின் வெள்ளைத் தாளைத் தாண்டி ஓடியது. ஓரத்தில் ஒரு அளவு. பெரிய அளவு.

பெயரில்லை.

கிணற்றடியில் இப்போது நிற்பது யார் என்று அவளுக்குத் தெரியும். பெயரில்லாமல் நிற்பது யார் என்று தெரியும். யாருடைய பெயரை எடுத்து யாருக்குக் கொடுத்தாள் என்றும் தெரிந்துபோயிற்று.

பெயர் வைக்கும் உத்தரவை அடித்தாள். VALAN. ‘இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.’ மறுபடியும் அடித்தாள். ‘ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.’ பட்டியல் கேட்டாள். கிணற்றடியில் அளவு குறைந்திருந்தது. மறுபடியும் கேட்டாள். இன்னும் குறைந்திருந்தது.

வெளியே கிணற்று ராட்டினம் ஒரு தடவை கிறீச்சிட்டது.

வழி ஒன்றுதான். வளவில் நிற்பதை அழிக்க வேண்டும். அடித்தாள்.

‘VALAN. அழிக்கட்டுமா?’

ஆனால் அழிவது எது? பெயரா, வைத்துக்கொண்டிருப்பதா? பெயரோடு சேர்ந்து அவனும் போய்விட்டால்? மாதாவே! எந்தப் பக்கம் கை வைத்தாலும் அவன்தான். விரல் எழுத்தின் மேல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. ஏசி இரைந்தது. மழை இரைந்தது.

அழுத்தினாள். ஆம்.

மிஷின் யோசித்தது. பிறகு நிதானமாக அடித்தது.

‘வளவில் அப்படி யாரும் இல்லை.’

பின்னால் தாழ்ப்பாள் விலகியது.

அவள் திரும்பினாள். கதவைத் திறந்துகொண்டு வளன் நின்றான். அதே நீலச் சட்டை. அதே வகிடு. காலில் சேறில்லை. இத்தனை மழையில், தலையில் ஒரு பொட்டு ஈரமில்லை.

“வேலை முடிஞ்சுதா, லூசி?”

குரல் அவனுடையதுதான். ஒவ்வொரு வார்த்தையையும் மட்டும் இப்போதுதான் கையில் எடுத்துப் பார்க்கிறவன் மாதிரி மெதுவாகச் சொன்னான். மிஷினில் தொங்கிய தாளைப் பார்த்தான். அந்த ஐந்து எழுத்தின் மேல் விரலை வைத்து ஆசையாகத் தடவினான். விரல் போன இடமெல்லாம் தாளில் தண்ணீர் ஊறியது.

“பேரைச் சொல்லிக் கூப்புடு. ஒரே ஒருக்கா. நீ வச்ச பேருதானே?”

அப்போதுதான், அவன் தோளுக்குப் பின்னால், வளவைத் தாண்டி, இரண்டாங்கட்டைத் தாண்டி, வீட்டின் கடைசியிலிருந்து அது கேட்டது. ஆழத்திலிருந்து. தொண்டையில் தண்ணீரோடு.

“லூசி…”

எதிரே நின்றவனின் உதடு அசையவில்லை. சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

“லூசி… கயித்தப் போடு…”

அவள் எழுந்தாள். அவன் அவசரப்படாமல் பின்பக்கமாகக் கையை நீட்டினான்.

“கதவைச் சாத்துறேன். குளுரு பூராம் வெளிய போகுது.”

கதவு சாத்திக்கொண்டது. அப்புறம் ஏசியின் இரைச்சல் மட்டும். அவன் ஸ்டூலை இழுத்து அவள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, தன் பெயர் வருவதற்காக அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.