தலையணையும் பேட்டரி காரும்

தலையணை என்பது ஒரு நாய். எப்போது பார்த்தாலும் தூங்குகிறதே என்று அப்பா வைத்த பெயர். அந்த வீட்டில் பெயர் வைப்பது அப்பாவின் இலாகா. ஓயாமல் கேள்வி கேட்கும் மகளுக்குக் கேள்விக்குறி என்று வைத்திருந்தார்.

இன்று தலையணை தூங்கவில்லை. காரின் பின்சீட்டில், கேள்விக்குறியின் மடியில் படுத்து முனகிக்கொண்டிருந்தது. வீட்டுத் தரையில் கிடந்த பொம்மைக் காரின் ரப்பர் சக்கரத்தைக் கடித்து விழுங்கிவிட்டது.

"உடனே கொண்டு வாங்க. குடலுக்குள்ள இறங்கிட்டா ஆபரேஷன்தான்" என்று போனில் சொல்லிவிட்டார் கால்நடை டாக்டர். அவருடைய ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம்.

காரோ போன வாரம் வாங்கிய பேட்டரி கார். அப்பா இருபது வருடம் பெட்ரோல் டாக்ஸி ஓட்டியவர். பெட்ரோல் முள் அடியைத் தொட்ட பிறகுதான் பங்க் பக்கமே திரும்புவார். அதே தைரியத்தில் நேற்று சார்ஜ் போடாமல் விட்டிருந்தார்.

மலை ஏற ஏற, திரையில் சார்ஜ் காட்டும் எண் இறங்கியது. பதினைந்து. பதிமூன்று. கேள்விக்குறி பின்சீட்டிலிருந்து எட்டி எட்டித் திரையைப் பார்த்தாள்.

"வழியில சார்ஜ் போட இடம் இல்லையாப்பா?"

"இருக்கு. அதுவும் மலைக்கு அந்தப் பக்கம்."

அப்பா ஏசியை நிறுத்தினார். பாட்டை நிறுத்தினார். வேறு எதை நிறுத்தலாம் என்று சுற்றிலும் பார்த்தார்.

"நான் மூச்சை மெதுவா விடவா?" என்றாள். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

பயத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "நூறு வருஷத்துக்கு முன்னாடியே பேட்டரி கார் ஓடுச்சாம்ப்பா. புத்தகத்துல படம்கூட இருக்கு."

"அப்படியா? அதெல்லாம் அப்புறம் என்னாச்சு?"

"அந்த பேட்டரியை வச்சுக்கிட்டு ரொம்ப தூரம் போக முடியலையாம். எல்லாரும் பெட்ரோலுக்கு மாறிட்டாங்களாம்."

"நல்ல நேரம் பார்த்துச் சொன்னே, போ."

மலை உச்சியில் எண் ஆறு. இனி இறக்கம். அதற்கப்புறம் நீண்ட சமவெளிச் சாலை.

"ஆறு பத்தாது" என்று அப்பா தனக்குள் முணுமுணுத்தார். பின்சீட்டுக்கு நன்றாகவே கேட்டது.

இறக்கத்தில் கார் தானாக உருண்டது. திரையில் பச்சை அம்பு ஒன்று எட்டிப் பார்த்தது. பேட்டரி படத்துக்குள் நுழைவதுபோல நகர்ந்தது. அதே நொடி அப்பா கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். அம்பு காணாமல் போனது.

"ஏன்ப்பா மாத்துனீங்க?"

"நியூட்ரல்ல சும்மா உருளும், செலவே இல்லை. இப்படித்தான் இத்தனை வருஷம் பெட்ரோலை மிச்சம் பிடிச்சேன்."

தலையணை குமட்டியது. ஒன்றும் வரவில்லை. கேள்விக்குறி அதன் முதுகைத் தடவினாள். சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வருமோ? தப்பாகப் போனால்?

"கியர்ல இருந்தப்போ பேட்டரிக்குள்ள ஒரு அம்பு போச்சுப்பா. என் சைக்கிள்ல சக்கரம் சுத்தினா லைட் எரியும்ல, அது மாதிரி இதுல சக்கரம் சுத்தி சார்ஜ் ஏறுதோ என்னவோ."

"சக்கரம்ங்கற பேச்சையே இன்னைக்கு எடுக்காதே."

"நீங்க பண்ணது சரிதான்ப்பா, அது பெட்ரோல் வண்டி. இந்த வண்டிக்கு என்ன பழக்கமோ, நமக்குத் தெரியாதுல்ல? மூணே மூணு வளைவு மட்டும் கியர்ல போய்ப் பாக்கலாமா?"

அப்பா தாடையைச் சொறிந்தார். கியரைப் போட்டார். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் கார் நிதானமானது.

"பாரு, இழுக்குது. இருக்கறதும் போயிடப்போகுது."

முதல் வளைவு. அம்பு வந்தது. எண் அசையவில்லை. இரண்டாவது வளைவிலும் அதே ஆறு. அப்பாவின் கை கியர் பக்கம் போனது.

"இன்னும் ஒரு வளைவு இருக்குப்பா."

கை நின்றது. மூன்றாவது வளைவு திரும்பியபோது ஆறு ஏழானது.

"ஏழு" என்று அப்பா கிசுகிசுத்தார். சத்தமாகச் சொன்னால் ஏழு ஓடிவிடுமோ என்று பயம். மலையடிவாரத்தில் எண் ஒன்பது. ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று.

டாக்டர் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் தலையணை சக்கரத்தைக் கக்கிவிட்டு, அதை மறுபடி மோந்து பார்த்தது. டாக்டர் அவசரமாக எடுத்து ஒளித்துவைத்தார்.

வண்டிக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். வீட்டுப் பக்கத்து இறக்கத்தில் அப்பாவின் கை பழக்கதோஷத்தில் கியரை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்று, வராத அரிப்புக்குக் காதைச் சொறிந்துவிட்டுத் திரும்பியது.

மகள் அதைப் பார்க்காதவள்போல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.