ஈர உதடு

படத்தில் இருந்த மனிதரின் உதடு காலையில் ஈரமாக இருந்தது.

முந்தின நாள் அதை வீட்டு அறையில் வைத்துச் சுத்தம் செய்தவள் அவள்தான். நூற்றைம்பது வருஷத்து எண்ணெய் ஓவியம். கறுப்புக் கோட்டும் விறைத்த காலருமாக, பரீட்சை அறையில் நிற்கும் வாத்தியாரைப் போல அந்த ஆள் முறைத்துக்கொண்டிருந்தார். பஞ்சுக் குச்சியை நாக்கில் நனைத்து அழுக்கெடுப்பாள். பழைய ஓவியங்களைச் சீர்செய்யும் அவள் தொழிலில் எச்சிலை மிஞ்சிய மருந்து கிடையாது. ஒரு குச்சி ஒரு தடவை, பிறகு குப்பை. நேற்று போனில் பேசிக்கொண்டே, அவர் உதட்டைத் துடைத்த குச்சியையே மறுபடி வாயில் வைத்துவிட்டாள். பூட்டிக் கிடந்த அலமாரியின் வாடையோடு ஒரு கசப்பு. காறித் துப்பியும் போகவில்லை.

சந்தேகம் முதலில் புருஷன் மேல் போனது.

"வேற வேலை இல்லையா எனக்கு? அந்தாளுக்கு முத்தமா குடுப்பேன்?" என்று சிரித்தவன், "தொண்டைக்கு என்னாச்சு உனக்கு? கரகரன்னு இருக்கு" என்றான்.

அடுத்து மகள். ஷூ மாட்டிக்கொண்டிருந்த ஏழு வயசு நிமிரவில்லை.

"நான் தொடலம்மா. அவர்தான் என்னையே பாக்குறாரு."

மகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் படத்தை வீட்டைவிட்டு அனுப்பியாக வேண்டும். இருவரும் கிளம்பியதும் படத்தின் சொந்தக்காரருக்குப் போன் போட்டாள். வாயைத் திறந்தால் குரல் இல்லை, வெறும் காற்று. செய்தி அனுப்பினாள், ஆறு மணிக்கு ஆள் வரும் என்று பதில் வந்தது.

மகள் நாலு மணிக்கே வந்துவிடுவாள்.

படத்தின் மேல் துணியைப் போர்த்தி, அறைக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். உள்ளே துணி சரிந்தது. பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள். மெதுவாக. பழகிப் பார்ப்பது போல.

நாலு மணி. வாசல் கதவு.

"அம்மா?"

எழுந்து கைகளை விரித்தாள். மகள் அசையவில்லை. அம்மாவின் வாயையே பார்த்தாள். அம்மா தன் உதட்டைத் தொட்டாள். காய்ந்த பெயின்ட் போல வெடித்திருந்தது. விரலெல்லாம் பழுப்பு.

"கண்ணு, கிட்டப் போகாத." பூட்டிய அறைக்குள்ளிருந்து அம்மாவுடைய குரல். அவளுடைய கொஞ்சல். "அது அம்மா இல்லடா. இங்க ஓடி வா."

பாய்ந்து பிடித்தாள். மகள் வீறிட்டாள். அம்மாவின் கையைக் கடித்தாள். திமிறி அந்த அறையைப் பார்த்து ஓடினாள்.

"அம்மா! அம்மா!"

பூட்டிய கதவு உள்ளிருந்து திறந்தது.