வெறும் பெட்டி

திரும்பிப் போகும் பெட்டிகளை முகர்வது என் வேலை. நான் முகர்வதில்லை, முகர்வி முகரும். கையடக்கக் கருவி. பெட்டிக்குள் நீட்டினால் எட்டு நொடியில் தீர்ப்பு சொல்லும். பச்சை எரிந்தால் பெட்டி காலி. சிவப்பு எரிந்தால் நான் படிவம் எழுத வேண்டும்.

தூத்துக்குடி துறைமுகத்தில் காலை ஏழு மணிக்கு வரிசை தொடங்கும். வெளிநாட்டுக் கொடைகள் வந்த பெட்டிகள் நாற்பது நாளுக்குள் கொடுத்தவருக்கே திரும்ப வேண்டும், வெறுமையாக. அப்போதுதான் அது கொடை. உள்ளே ஏதாவது இருந்தால் பண்டமாற்று. ஈகைக் குறியீட்டில் கொடுத்தவருக்கு மதிப்பெண் குறையும்.

நாடுகள் சண்டையை விட்டுவிட்டு, யார் அதிகம் கொடுப்பது என்று போட்டி போடத் தொடங்கி முப்பது வருடம் ஆகிறது. சண்டையே தேவலை என்பவர்களும் உண்டு. எஸ்தோனியா ஆறு வருடமாக முதலிடம். நாம் நூற்றுப் பன்னிரண்டு. நம்மவர்கள் கொடுக்காமல் இல்லை. அன்னதானப் பந்தியில் உட்கார்ந்தவரிடம் பெயரும் கைரேகையும் கேட்க அவர்களுக்குக் கூச்சம். பதிவில்லாத சோறு குறியீட்டில் சேராது.

அன்று சிவப்பு எரிந்தது. பெட்டி வலைக்காரத் தெருவுடையது. முதல் முறை அவர்கள் பெட்டியில் மக்ரூன் வைத்திருந்தார்கள். இரண்டாம் முறை கருப்பட்டி. இந்த முறை முகர்வி காட்டியது: சீனி, மூன்று கிராம்.

மூன்றாவது முறை என்றால் பெறுநர் பட்டியலிலிருந்து தெருவின் பெயர் நீங்கும். கடல் ஏறி அங்கே கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. எஸ்தோனியாவின் ஒரு சிற்றூர் அனுப்பும் சவ்வுச் சுருளில்தான் தெருவின் உப்புநீக்கி ஓடுகிறது. இப்போதைய சுருள் இன்னும் பதினெட்டு நாள் தாங்கும். அதன் பிறகு குடிக்கத் தண்ணீர் இல்லை.

விசாரணைக்குப் போனேன். தெருக்குழுத் தலைவி ஜெசிந்தா அக்கா எதையும் மறுக்கவில்லை. தெரு முழுவதையும் எச்சரித்தாராம். பெட்டியைத் தானே கழுவி, காயவைத்தாராம். மூடுகிற நேரத்தில் ஒரு சிட்டிகை சீனி போட்டுவிட்டாராம்.

“வெறும் பாத்திரத்தத் திருப்பிக் குடுக்கக் கை வரமாட்டேங்கு சார்.”

“அது பாத்திரம் இல்லக்கா. பெட்டி.”

“மூடி இருக்குல்லா?”

விதிப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை நீங்கள் மட்டும் வெறுமையாகவா திருப்பிக் கொடுப்பீர்கள் என்று என்னைக் கேட்டார். நான் திருப்பிக் கொடுப்பதே இல்லை என்றேன்.

உண்மைதான். என் மனைவி சுகந்தி இறந்து பதினொரு மாதம். அப்போது அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அந்த ஏழு பாத்திரங்களும் என் சமையலறையில் கவிழ்ந்து கிடக்கின்றன. நிரப்பிக் கொடுக்க எனக்குச் சமைக்கத் தெரியாது. வெறுமையாகக் கொடுக்கவும் முடியாது. கொடைக் கணக்கு பார்க்கும் அலுவலகக் கணிப்பான், நான் யாருக்கும் கைம்மாறு செய்யவில்லை என்று கண்டுபிடித்து, ‘மாவட்டத்தின் தூய பெறுநர்’ என்று எனக்குச் சான்றிதழ் தந்தது. மேலதிகாரி கைதட்டினார்.

ஏழு பாத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். எது யார் வீட்டுப் பாத்திரம் என்று ஜெசிந்தா அக்கா கேட்டார். தெரியாது என்றேன்.

“விசாரிக்க நல்ல ஆளத்தான் அனுப்பிருக்காங்க,” என்றார்.

பெயரை நீக்கும் முன் கொடுத்தவரை ஒரு முறை கேட்க வேண்டும் என்பது விதி. அங்கிருந்தே எஸ்தோனியாவை அழைத்தேன். அந்த ஊரின் கொடைக் குழுத் தலைவர் டோமாஸ், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். எங்கள் அலுவலகப் பேச்சுமாற்றி யார் பேசினாலும் வானொலிச் செய்தி போலத்தான் மொழிபெயர்க்கும். மூன்று கிராம் சீனிக்கு வருத்தம் தெரிவித்தேன்.

“இம்முறை ஏன் இத்துணைக் குறைவு?” என்றார் டோமாஸ்.

மக்ரூனால் அவருடைய ஊர் மாகாணத்தில் கடைசி இடத்துக்கு இறங்கியிருந்தது. மேயர் அவரோடு பேசுவதில்லை. ஆனாலும் அந்த மக்ரூனை நாற்பத்து மூன்று வீட்டுக்கும் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டிருக்கிறார்கள். மேயரும் வாங்கிக்கொண்டார். பத்தொன்பது வருடமாகப் பதினொரு நாடுகளுக்குக் கொடுக்கிறார்கள். மற்ற எல்லாப் பெட்டியும் ஒழுங்காக, வெறுமையாகத் திரும்பிவிடும்.

“திறந்தால் மருத்துவமனையின் மணம் வீசும்,” என்றார்.

அவர் புகார் செய்யப் போவதில்லை. ஆனால் மாலை ஆறு மணிக்குக் கணிப்பான் தானாகவே பெயரை நீக்கிவிடும். ஒரே வழிதான் இருந்தது. தெருவார் டோமாஸின் ஊருக்குப் புதிதாக ஒரு கொடை அறிவிக்க வேண்டும். அப்போது அந்தச் சீனி கைம்மாறு ஆகாது. புதிய கொடையின் முன்தவணை. ஆனால் அதற்கு டோமாஸ் பெறுநர் படிவம் நிரப்ப வேண்டும். முதலிட நாட்டில் அதுவரை ஒருவரும் அதைத் தொட்டதில்லை. முதல் கேள்வியே ‘உங்கள் குறை என்ன?’

டோமாஸ் யோசித்தார். பேச்சுமாற்றி ‘அமைதி நிலவுகிறது’ என்று அறிவித்தது.

“எங்களுக்கு எவரும் எதுவும் தருவதில்லை,” என்றார் கடைசியில்.

ஆய்வாளரான நான் சரிபார்க்க வேண்டிய கட்டம் வந்தது. ‘குறை உண்மையா?’ ஆம் என்று அழுத்தினேன். அடுத்த நிமிடம் எஸ்தோனியா இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. மேயர் அழைக்கிறார், எடுக்கப் போவதில்லை என்று டோமாஸ் சொன்னார்.

எல்லை தாண்டிய கொடைக்குப் பத்து வீட்டார் பெயர் வேண்டும். தெருவில் ஒன்பது வீடுதான் மிச்சம். பத்தாவது வீடு கடலுக்குள் இருக்கிறது. என் பெயரைப் போடச் சொன்னார் ஜெசிந்தா அக்கா. ஆய்வாளர் கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கும் என்றேன். தேடினேன். இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் எதையாவது கொடுப்பார் என்று விதி எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை.

“சும்மா பேரு மட்டும் போட்டா அது பொய்யில்லா?” என்று ஒரு கிண்ணத்தை என் மடியில் வைத்தார். முட்டை வெள்ளைக்கரு. தெரு அறிவித்த கொடை மக்ரூன்; அதற்கு நுரை கெட்டிப்படும்வரை அடிக்க வேண்டும். மின்சாரம் முழுவதும் உப்புநீக்கிக்குப் போவதால் தெருவில் மிக்சி ஓடாது.

அடித்தேன். முதலில் எதுவும் நடக்கவில்லை. பாதியில் நிறுத்தினேன். அக்கா பார்த்தார். மறுபடி அடித்தேன். தோள் வலித்தது.

எங்கள் தெருவில் இதை என்னால் செய்ய முடியாது. ஒரு கிண்ணத்தோடு கதவைத் தட்டினால் திறப்பவர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார். ‘எப்படி இருக்கீங்க தம்பி’ என்பார். நான் ஏதாவது சொல்ல வேண்டும். டோமாஸ் ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். சுகந்தியை அவருக்குத் தெரியாது. யாரோ பத்துப் பேர் செய்தது என்று வாயில் போட்டுக்கொள்வார்.

ஐந்தே முக்காலுக்கு ஜெசிந்தா அக்கா கிண்ணத்தை வாங்கி, எச்சரிக்காமல், என் தலைக்கு மேல் கவிழ்த்தார். நுரை விழவில்லை.

“இப்ப எழுதிக்கிடுங்க,” என்றார்.

பத்தாவதாக என் பெயரை எழுதினேன். படிவம் ஏற்கப்பட்டது; சுருளும் வரும். ‘கொடுப்பவரின் நிலை’ என்ற கட்டத்தில் மணமானவர், மணமாகாதவர் என்று இரண்டே தேர்வுகள் இருந்தன. அதை நிரப்பாமல் விட்டேன். கணிப்பான் ஒன்றும் கேட்கவில்லை.